வாசலில் ஒரு செவ்வரளி

“மரமெல்லாம் வேண்டாம். வாசலுக்குச் செடிதான் லட்சணம்” என்றார் சுருளிவேல், வெற்றிலையை மடித்தபடி.

“செடிக்கு ஏதுங்க நெழலு? ஒரு வேம்பை வச்சோம்னா அஞ்சாறு வருசத்துல அடியில கட்டில் போட்டுப் படுக்கலாம்” என்றாள் அவர் மனைவி சிவனம்மாள்.

“அதுவரைக்கும் யாரு காத்துக் கெடக்கறது? வேரு வந்து சுவத்தைப் பொளந்துரும். காக்கா உக்காந்து என் வேட்டியில எச்சம் போடும். குரோட்டன்ஸ்னா நாளைக்கே வாசல் பளபளன்னு இருக்கும். கொடைக்கானல்ல தொரைமாரு பங்களா பூரா அதான்.”

“தொரை குளுருக்குள்ள இருந்தான், அவனுக்கு எதுக்கு நெழலு? நாம திண்டுக்கல் வெயிலுக்குள்ளல்ல கெடக்கோம்.”

சுருளிவேலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் மசியவில்லை. “செடின்னா செடிதான்.”

அவர் ஏன் மசியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். சுருளிவேல் புகையிலைத் தரகர். முந்தின வாரம் வியாபாரி கண்ணுசாமிக்குக் காப்பி கொண்டுவந்தபோது, அவரிடம் கணவர் சொன்னது காதில் விழுந்திருந்தது. “வாசல்ல எடம் சும்மாதான் கெடக்கு. ஆவணியில சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி கட்டிருவோம். அதுவரைக்கும் வீட்டுக்காரி வாயை அடைக்க ஏதாவது செடியை வச்சிட்டுப் போறேன். பிடுங்கி எறிய எம்புட்டு நேரமாகும்?”

சிவனம்மாள் பிறந்து வளர்ந்தது ஒரு புகையிலைக் கிட்டங்கியை ஒட்டிய சந்தில். சன்னலைத் திறந்தால் கார நெடி உள்ளே வரும். சோற்றில், தலையணையில், அம்மாவின் இருமலில்கூட அந்த நெடி இருந்தது. கல்யாணமாகி இந்த வாசலில் நின்று மூச்சை இழுத்த அன்றுதான், காற்றுக்கு நெடி கிடையாது என்பதே அவளுக்குத் தெரிந்தது. அந்த வாசலை விட்டுக்கொடுக்க அவளால் ஆகாது.

சண்டை போடலாம். ஆனால் இந்த வீட்டுச் சண்டையில் சத்தம் பெரிதாக உள்ளவர்தான் ஜெயிப்பார். தன் குரல் சின்னது என்பதை அவள் என்றோ ஒப்புக்கொண்டுவிட்டாள். தன் பொறுமை பெரிது என்பதும் அவளுக்குத் தெரியும்.

“சரி, உங்க இஷ்டம். செடியே வைப்போம்” என்றாள்.

இத்தனை சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. “அப்பிடி வா வழிக்கு.”

“குரோட்டன்ஸ் மட்டும் வேண்டாங்க, வெறும் எலை. செவ்வரளி வைங்க. வருசம் பூரா பூக்கும், ஆடு மாடு வாய் வைக்காது.”

“என்ன எழவையோ வச்சுக்கோ.”

வெள்ளிக்கிழமை காலை, குளித்த ஈர வேட்டியோடு அவரே நட்டார். கைராசிக்காரர் என்று சொல்லி அழைத்தது அவள்தான். காற்றில் சாயாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு கல் வேண்டும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே, கொல்லையில் கிடந்த தேய்ந்துபோன ஆட்டுரல் குழவியை உருட்டி வந்து நிமிர்த்தி ஊன்றினார். செடியைக் கல்லோடு சேர்த்துக் கட்ட ஒரு பழைய சேலைக் கிழிசலைக் கொடுத்தாள்.

குழாயடிக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுச் சுப்புத்தாய் நின்று பார்த்தாள். “என்னண்ணே, காலங்காத்தால இம்புட்டுச் சிரத்தையா என்ன வேலை?”

“எல்லாம் உன் மதினி உத்தரவு” என்று சொல்லி ஒரு குடம் தண்ணீரைக் கவிழ்த்தார் சுருளிவேல்.

ஆனிக் கடைசியில், கண்ணுசாமியின் சரக்கை விற்க அவர் கொல்லம் பக்கம் போனார். ஆடி முழுக்க ஊரில் இல்லை. சிவனம்மாள் தினமும் செடிக்குத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிய பிறகு செத்த நேரம் கண்ணை மூடி நிற்பாள். அப்படி நிற்கையில் தான் கேட்பது என்ன என்று அவளுக்கே முழுசாகத் தெரியவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்தது. தெருப் பெண்கள் ஏதாவது கேட்டால் சிரித்துவைப்பாள். ஒரு பொய்கூட அவள் சொல்லவில்லை.

ஆவணி பிறந்தது. காலை ரயிலில் வந்திறங்கியவர், வீட்டுக்குக்கூட வராமல் நேரே போய்க் கண்ணுசாமியையும், வண்டிக்கார மாயாண்டியின் செங்கல் வண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

உள்ளே சிவனம்மாள் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

“ஏலே மாயாண்டி, முன்னால போயி அந்தச் செடியைப் பிடுங்கிப் போடு!”

கொஞ்ச நேரத்தில் கடப்பாரைச் சத்தம் கேட்டது. மண்ணில் இறங்கிய சத்தமல்ல, கை நழுவித் தரையில் விழுந்த சத்தம். அவள் கையைக் கழுவிக்கொண்டு, அவசரப்படாமல் வாசலுக்கு வந்தாள்.

“என்னால முடியாதுய்யா!” மாயாண்டி கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தான். “எம் பொண்டாட்டி ஆடி வெள்ளிக்கு இங்கனதான் கூழு ஊத்துனா!”

அரளிக் கிளைகள் நிறையக் கண்ணாடி வளையல்கள். குழவிக்கல்லின் மேல் மஞ்சள், அதன் மேல் குங்குமம், இடுப்பில் ஒரு சிவப்புத் துண்டு.

“எவன் செஞ்ச வேலை இது?” சுருளிவேல் கத்தினார்.

“என்னண்ணே, இப்பிடிக் கேக்குறீக?” சுப்புத்தாய் இடுப்புக் குடத்தை இறக்கினாள். “வெள்ளிக்கிழமையும் அதுவுமா, ஈர வேட்டியோட ஆத்தாளை ஊனுனது நீங்கதான? எங் கண்ணால பாத்தேனே!”

கண்ணுசாமி மெல்லச் செருப்பைக் கழற்றினார். சுருளிவேலின் முன்னால் பணிவாகக் குனிந்து, வலது கையை நீட்டினார்.

“முன்னமே சொல்லப்படாதா? துன்னூறு குடுங்க, பூசாரி.”