இடது கை மட்டும்

“இடது கைக்கு மட்டும் பண்ணுங்க டாக்டர். வலது கை அப்படியே இருக்கட்டும்.”

டாக்டர் என்னைப் பார்த்தாங்க. நான் ட்ரேயைப் பார்த்தேன். சிரிச்சுட்டா வேலை போயிடும்.

இந்தத் தோல் கிளினிக்ல நான் ஒன்பது வருஷமா நர்ஸ். முகத்துக்கு, கழுத்துக்கு, வயித்துக்குன்னு வராதவங்க இல்லை. ஆனா அறுபத்திரண்டு வயசுல ஒரே ஒரு கையை மட்டும் இறுக்கிக் கொடுங்கன்னு வந்தவங்க இவங்கதான். தபால் ஆபீஸ்ல ஸ்டாம்ப் விக்கிற வேலையில இருந்து ரிட்டையர் ஆனவங்க. வயித்துல ஆபரேஷன், அதுக்கு முந்தின ஆறு மாசத்துல இருபது கிலோ இறங்கிட்டாங்க. உடம்பு தேறிடுச்சு, தோல் தேறலை. மேல்கையில சதை கரைஞ்சு, காலிப் பை மாதிரி தொங்குது.

“ரெண்டு கையும் ஒரே மாதிரி இருந்தாத்தானேம்மா நல்லா இருக்கும்?” டாக்டர் கேட்டாங்க.

“யாரு பார்க்கப் போறா? எனக்கு இடது கை போதும்.”

மைக்ரோநீட்லிங்னா சும்மா இல்லை. பொடிப்பொடி ஊசி பதிச்ச கருவியால தோலைக் குத்திக்கிட்டே போகணும். அந்தக் காயம் ஆறும்போது தோல் கொஞ்சம் இறுகும். மரத்துப்போற க்ரீம் தடவினாலும் சுருக்குசுருக்குன்னு வலிக்கத்தான் செய்யும். மாசத்துக்கு ஒண்ணுன்னு நாலு தடவை.

ரெண்டாவது தடவை க்ரீம் தடவும்போது என் வாய் சும்மா இருக்கலை.

“ஏம்மா, இந்த வயசுல இந்த வலி தேவையா?”

“அவர் என் கையைப் பிடிக்கிறதை விட்டுட்டாரும்மா.”

“யாரு?”

“வீட்டுக்காரர்தான். கல்யாணமான நாள்லேர்ந்து, வெளிய போனா இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடப்பாரு. முழங்கைக்கு மேல, இதோ இங்க. முப்பத்தாறு வருஷமா. ஆபரேஷன் முடிஞ்சு வந்த வாரமும் பிடிச்சாரு. அப்புறம் கையை எடுத்தவர்தான். இப்போ தனியாத்தான் நடக்கிறாரு. இந்தத் தொங்கலைத் தொட்டதும் என்ன நினைச்சாரோ.”

எனக்கு வந்துச்சே கோபம்!

“நல்லா இருந்தப்போ இனிச்ச கை, தோல் தொங்கினதும் கசக்குதாமா? ஊசியை அவருக்கில்ல குத்தணும்!”

“ஐயோ, அவரைத் திட்டாதீங்க. தங்கமான மனுஷன். எக்சர்சைஸுக்குப் போறேன்னுதான் அவர்கிட்ட சொல்லியிருக்கேன். நிஜம் தெரிஞ்சா வேண்டாம்பாரு.”

தங்கமாம் தங்கம்! பல்லைக் கடிச்சுக்கிட்டேன்.

நாலு தடவையும் முடிஞ்சு ஒரு மாசம் கழிச்சு வந்தாங்க. டாக்டர் அளவெடுத்தாங்க, பழைய போட்டோவோட ஒப்பிட்டாங்க. அளவை எழுதினது நான்தான். நகக்கனம் அளவுதான் குறைஞ்சிருந்துச்சு.

“கொஞ்சம் மாற்றம் இருக்கும்மா. உங்க வயசுக்கு இவ்வளவுதான்.”

“தொட்டுப் பார்த்தாத் தெரியுமா டாக்டர்?”

“போட்டோவுல தெரியும்.”

அந்தம்மா முகம் அப்படியே வாடிப் போச்சு. “இன்னிக்கு நானும் வருவேன்னு அவர் வேற பிடிவாதமா வந்து வெளிய உட்கார்ந்திருக்காரு” ன்னு முணுமுணுத்தாங்க.

வந்திருக்காரா? வசமா மாட்டினாரு! அந்தம்மா டாக்டர்கிட்ட மருந்துச் சீட்டு வாங்கறதுக்குள்ள, நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுடணும்னு வெளிய வந்தேன்.

அங்க ஒரே ஒருத்தர்தான் உட்கார்ந்திருந்தாரு. நல்ல கனத்த உடம்பு. கறுப்புக் கண்ணாடி. முழங்காலுக்கு நடுவுல வெள்ளைக் குச்சி.

கண்ணு தெரியாதவரா இவரு!

என் காலடிச் சத்தம் கேட்டு அவரே நிமிர்ந்தாரு. “நர்ஸாம்மா? அவளுக்கு ஏதும் பெரிய வியாதியா? எக்சர்சைஸ்ங்கிறா. ஆனா இங்க வந்துட்டுப் போற அன்னிக்கெல்லாம் இடது பக்கம் சாய்ஞ்சு படுக்கவே மாட்டேங்கிறா. பயமா இருக்கும்மா. மறைக்காம சொல்லுங்க.”

பேஷண்ட் விஷயத்தை வெளிய சொல்லக் கூடாது. சொல்லிட்டேன்.

அவர் குச்சியைத் தரையில ஒரு தட்டு தட்டினாரு.

“தோலாவது ஒண்ணாவது! நான் எண்பத்தஞ்சு கிலோம்மா. அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரம் வாசல்ல எனக்குக் கால் தடுக்கிடுச்சு. அவளையும் சேர்த்து இழுத்துட்டேன், ரெண்டு பேரும் விழப் பார்த்தோம். அவ உடம்பு அதைத் தாங்குமா? அன்னிக்குத்தான், இனிமே குச்சியோட நடந்து பழகிக்கணும்னு முடிவு பண்ணேன். அதுக்குப் போய் இவ ஊசி குத்திக்கிட்டாளா? பைத்தியக்காரி!”

பைத்தியக்காரி கதவைத் திறந்துக்கிட்டு வந்தாங்க.

அவர் எழுந்தாரு. குச்சியை நாலா மடிச்சுப் பையில போட்டாரு.

“கையைக் கொடு.”

அந்தம்மா பரீட்சை ரிசல்ட்டுக்கு நிக்கிற பிள்ளை மாதிரி இடது கையை நீட்டினாங்க. அவர் முழங்கைக்கு மேல பிடிச்சாரு. கட்டை விரலால ஒரு தடவை தடவினாரு.

“அட! என்னடி இது, கல்யாணத்தன்னிக்குப் பிடிச்ச கை மாதிரி கிண்ணுன்னு இருக்கு!”

“நிஜமாவா?”

“நான் என்ன பொய்யா சொல்றேன்? நர்ஸம்மாவைக் கேளு.”

ஒன்பது வருஷத்துல ஒரு பேஷண்ட்கிட்டயும் நான் கூட்டிச் சொன்னதில்லை.

“ஆமாம்மா. நல்ல மாற்றம்” ன்னேன்.

கிளினிக் இருக்கிறது மாடியில. படி வரைக்கும் கூடப் போனேன். அந்தம்மா நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு ஒரு படி முன்னாடி இறங்கினாங்க.

“செங்குத்தா இருக்குங்க. நல்லா அழுத்திப் பிடிச்சுக்குங்க.”

“பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன். உன்னை விட்டா எனக்கு வேற யாரு?”

அவரோட வலது கை அந்தம்மா கைமேல பட்டும் படாம இருந்துச்சு. இடது கையால படிக்கட்டுக் கம்பியை இறுக்கிப் பிடிச்சு, எண்பத்தஞ்சு கிலோவையும் அதுமேல போட்டு இறங்கிக்கிட்டு இருந்தாரு.