கல் உடையும் சத்தம்

உள்ளே டொக், டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆரோக்கிய ராணி, ஒவ்வொரு டொக்குக்கும் ஜெபமாலையில் ஒரு மணியைத் தள்ளப் பார்த்தாள். இயந்திரம் அவளைவிட வேகமாக ஓடியது.

பக்கத்தில் மகள் அனிதா காலைத் தூக்கி பெஞ்சின் மேல் வைத்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குனிந்திருந்தாள். வாங்கிக் கொடுத்த இட்லியில் பாதி அப்படியே காய்ந்துகொண்டிருந்தது. பத்து வயசுப் பெண் நாலு பேர் நடமாடும் இடத்தில் உட்காருகிற லட்சணமா இது? ராணி அவள் கால்களைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள்.

உள்ளே படுத்திருப்பவன் அவள் புருஷன் சவரிராயன். கணையத்துக் குழாயில் கல். வெளியிலிருந்தே அதிர்வு கொடுத்துக் கல்லைத் தூளாக்கி, பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டு அந்தத் தூளை எடுத்துவிடுவார்களாம். இதற்கு முன் இரண்டு தடவை கொடுத்தும் கல் மசியவில்லை. இன்றைக்கும் உடையாவிட்டால் வயிற்றைக் கிழிப்பதைத் தவிர வழியில்லை என்று இந்தச் சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கிழித்தால் தாங்குகிற உடம்பா அது? எலும்பும் தோலும்தான் மிச்சம்.

எல்லாம் குடி செய்த வேலை. நினைத்தாலே ராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் குடித்து அவள் பார்த்ததில்லை. வாயை முகர்ந்தாலும் வாடை இருக்காது. அவ்வளவு கெட்டிக்காரக் குடி.

சுனாமிக்கு அடுத்த வருஷம் கடலூரில் பார்த்த முதல் டாக்டர், குடிப்பாயா என்று கேட்டார். சவரிராயன் அவள் மடியில் இருந்த கைக்குழந்தை அனிதாவைப் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றான்.

சேதி பரவி, பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற வேலை போயிற்று. ராணியும் சும்மா விடவில்லை. மாதா கோயில் பீடத்துக்கு இழுத்துப்போய், கூடியிருந்த பங்கு சனங்கள் பார்க்க, இனிக் குடிப்பதில்லை என்று சத்தியம் வாங்கினாள். மறுபேச்சுப் பேசாமல் செய்து கொடுத்தான். அப்புறமும் சோறு உள்ளே போனால் போதும், தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு சுருண்டுவிடுவான். திருட்டுத்தனமாகக் குடித்துவிட்டு வந்து நடிக்கிறான் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவாள்.

வைத்தியமே வேண்டாம் என்று வீம்பு பிடித்தவன், கொஞ்ச நாளுக்கு முன்னால் தானாகவே வந்து, கல்லை உடைத்துப் பார்த்துவிடலாம் என்றான். மாதாதான் புத்தி கொடுத்தாள்.

கதவு திறந்தது. டாக்டரம்மா எட்டிப் பார்த்தார்.

"குடியால வந்த கல்லு மாதிரி தெரியலம்மா. சின்ன வயசுலேர்ந்தே இருந்திருக்கு. அவர்கூடப் பொறந்தவங்க யாருக்காச்சும் இப்படி வயித்து வலி இருந்துச்சா?"

"இல்ல டாக்டர், குடிதான். அவரே ஒத்துக்கிட்டாரே!"

கதவு மூடிக்கொண்டது.

வீட்டுச் சுவரில் மாலை போட்ட படம் ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளையில் கோயிலில் புதுநன்மை வாங்கிய வெள்ளைக் கவுனில், சவரிராயனின் தங்கை லூர்து மேரி. காமாலையில் போய்விட்டாள் என்றுதான் ராணியைப் பெண் பார்க்க வந்தபோது சொன்னார்கள். வயிற்று வலியில் துடித்தே போனாள் என்று மாமியார் ஒரே ஒரு தடவை வாய் தவறிச் சொல்லியிருக்கிறாள்.

அனிதாவைப் பார்க்கிற உறவுக்காரர்கள் எல்லாரும் அத்தையை உரித்து வைத்திருக்கிறாள் என்பார்கள். ராணிக்கும் அதைக் கேட்கப் பெருமையாகத்தான் இருக்கும்.

ராணி ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மாதாவே, என் புருஷன் குடிகாரனாகவே இருக்கட்டும். மொடாக்குடியனாக இருக்கட்டும். சத்தியத்தை மீறினவனாக இருந்தாலும் பரவாயில்லை.

அனிதா அவள் புடவையை இழுத்தாள்.

"காலத் தூக்கி வச்சிக்கட்டுமாம்மா? இப்புடி உக்காந்தாதான் வலி கம்மியாவுது. அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு."

ராணி மகளின் பக்கம் திரும்பினாள்.

"அவருக்கு ஒடஞ்சிட்டா எனக்கும் ஒடச்சிடலாமாம். அதுவரைக்கும் ஒங்கிட்ட சொல்லக் கூடாதுன்னாரு."

உள்ளே டொக், டொக் நின்றுபோயிருந்தது. கதவு இன்னும் திறக்கவில்லை.

ராணி குனிந்து, தான் இறக்கிவிட்ட கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மறுபடி பெஞ்சின் மேல் வைத்தாள்.