பலகை பிடித்தவள்

"எனக்குப் பலகை பிடிக்க இவ வரட்டும் சார்!"

நெட்டை விரல் நீட்டிச் சுருட்டையைக் காட்டினாள்.

சுருட்டைக்குச் சுரீர் என்றது. காலையில் நீச்சல் தகுதிச் சுற்றில் அரை விநாடியில் கோட்டை விட்டவள். அழுத கண்ணை டவலால் துடைத்துக்கொண்டு கேலரிக்குக் கிளம்பியவளைக் கூப்பிட்டுச் சேவகம் செய்யச் சொன்னால் எப்படி இருக்கும்?

"திமிரைப் பாத்தியா! ஊர்ல வேற ஆளே இல்லையா அவளுக்கு?" என்று காதில் ஓதினாள் கூட வந்திருந்த அக்கா. "போகாதடி."

"போகலைன்னா பொறாமைன்னு சொல்லுவாங்கக்கா."

சொன்னால் என்ன, பொறாமைதான்.

நாலு வருஷமாக இரண்டு பேரும் ஒரே குளத்தில்தான் விடியற்காலையில் குதிக்கிறார்கள். மழை, காய்ச்சல், பரீட்சை எதற்கும் சுருட்டை லீவு போட்டதில்லை. நெட்டை வாரத்துக்கு ஒருநாள் மட்டம் போடுவாள். ஆனால் முதலில் வருவது அவள்தான். கையையும் காலையும் கடவுள் அவளுக்கு மட்டும் அளக்காமல் கொடுத்துவிட்டார்!

இன்று ஜெயிக்கிறவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம். அங்கே சேர்ந்துவிட்டால் படிப்பு, பயிற்சி, பிறகு கோச் வேலை. படித்து என்னவாகப் போகிறாய் என்று யார் கேட்டாலும் "நீச்சல் கோச்" என்றுதான் சுருட்டை சொல்வாள். நெட்டையைக் கேட்டால் தோளைக் குலுக்குவாள்.

மொத்தம் பதினைந்து சுற்று. எண்ணிக்கை தப்பாமல் இருக்க, குளத்தின் எதிர்க்கோடியில் ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆள் எண் அட்டைகள் கோத்த பலகையோடு மண்டி போட்டிருக்க வேண்டும். நீந்துகிறவள் வந்து திரும்பும்போது, அந்தச் சுற்று போக இன்னும் பாக்கி எத்தனை என்று காட்ட வேண்டும். 'கடைசி' அட்டையைக் காட்டினால், அவள் திரும்பிப் போய்ச் சுவரைத் தொட்டு நின்றுவிடலாம்.

விசில் ஒலித்தது.

நெட்டை எடுத்த எடுப்பிலேயே முன்னால் போனாள். சுருட்டை அட்டைகளை ஒழுங்காகத்தான் திருப்பிக்கொண்டு வந்தாள்.

'இரண்டு' காட்டும்போது கரையிலிருந்து கோச் கத்தினார். "சபாஷ்டி என் தங்கமே!"

நாலு வருஷத்தில் சுருட்டையை அவர் ஒருநாள்கூட அப்படிச் சொன்னதில்லை.

அவள் கேலரியை நிமிர்ந்து பார்த்தாள். எல்லார் கண்ணும் தண்ணீர் மேல்தான். நெட்டை அடுத்த முறை வருவதற்குள், 'ஒன்று' அட்டையையும் சேர்த்துத் திருப்பிவிட்டாள்.

'கடைசி.'

நெட்டை வந்தாள், பார்த்தாள், சுவரை உதைத்துத் திரும்பினாள்.

'நின்னுடு. அங்க போய் நின்னுடு' என்று சுருட்டை மனசுக்குள் வேண்டிக்கொண்டாள்.

நெட்டை நிற்கவில்லை. அந்தச் சுவரைத் தொட்டுத் திரும்பி இன்னொரு சுற்று முழுசாக நீந்தினாள். அவள்தான் முதல்.

ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவந்து சுருட்டையைக் கட்டிக்கொண்டாள். "ஒரு அட்டையைத் தாண்டிட்ட போல?"

சுருட்டை பலகையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். "அது... ரெண்டும் ஒட்டிக்கிச்சு."

"விடுடி. நான் எப்பவும் மனசுக்குள்ளயே எண்ணிடுவேன். பலகையை நம்புறதே இல்ல."

"அப்புறம் எதுக்குடி என்னைக் கூப்பிட்ட? எல்லார் முன்னாடியும் அசிங்கப்படுத்தவா?"

"லூசு! விடுதியில இன்னொரு இடம் இருக்கு. அதை டைம் பாத்துக் குடுக்க மாட்டாங்க, ஆளோட குணத்தைப் பாத்துத்தான் குடுப்பாங்க. நேத்தே விடுதியோட பெரிய கோச் மேடம்கிட்ட உன்னைப் பத்திச் சொல்லிட்டேன். நாலு வருஷமா ஒருநாள் லீவு போடல, என்னைத் துரத்தித் துரத்தியே ஜெயிக்க வெச்சவ, கோச் ஆகணும்னு கனவு காண்றவன்னு. 'நேர்ல பாத்துட்டுச் சொல்றேன்'னாங்க. நீ கேலரிக்குப் போயிட்டா எப்படிப் பாப்பாங்க?"

"அவங்க... எங்க இருந்தாங்க?"

"உன் முதுகுக்குப் பின்னாடி சேர் போட்டு உக்காந்திருந்தாங்களே! இப்ப வர்ற வழியில என்கிட்டச் சொன்னாங்க, என்னை ஒரு தடவைகூட நிமிர்ந்து பாக்கலையாம்டி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் உன் கையையேதான் பாத்துட்டு இருந்தாங்களாம்!"