திரும்பி வரும் பணம்

"இந்த மாசமும் உங்க பணம் திரும்பி வந்துடுச்சு சார்" என்றாள் வங்கி கவுன்ட்டரில் இருந்த பெண். "வெளிநாட்டுக்குப் பணம் போகணும்னா ஸ்விஃப்ட் கோடு சரியா இருக்கணும். நீங்க கடைசி மூணு எழுத்தை மறுபடி தப்பா எழுதியிருக்கீங்க. கட்டணம் வேற தண்டம். எங்க பேங்குக்குத்தான் கொண்டாட்டம்!"

பெரியவர் அசடு வழியச் சிரித்தார். "வயசாச்சேம்மா, தடுமாறுது."

"பையன் கோவிச்சுக்கலையா?"

"கோவிக்காம? பணம் எங்கேப்பான்னு தினமும் போன்ல கத்துறான். அவங்கம்மாவும் நல்லா வாங்கிக் கட்டிக்கிறா."

"ஐயோ பாவம்!" புதுப் படிவத்தை அவளே நிரப்பினாள். "இனிமே நேரா போயிடும் சார்."

பெரியவர் பதறிப்போய்ப் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. சரியான கோடு எனக்கு மனப்பாடம். பணம் ஒழுங்காப் போய்ச் சேர்ற மாசம் அவன் எங்ககிட்ட பேசறதே இல்லை."