முதல் பிரதி வாங்க வந்தவர்

மேடையில் குறட்டைச் சத்தம் கேட்டது. பக்கத்திலேயே மைக் இருந்ததால், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த அந்தச் சின்ன மண்டபம் முழுக்கக் கேட்டது.

முதல் பிரதி வாங்குவதற்காகக் கடலூரிலிருந்து வந்திருந்த பெயிண்ட் கடை டேவிட் ராஜ்தான். போர்த்திய பொன்னாடைக்குள் தாடை புதைந்திருந்தது.

'இவர யாருடி கூப்புட்டது?' என்று முன்வரிசையிலிருந்து தோழி கயல்விழி கண்ணாலேயே கேட்டாள்.

மேடையில் இருந்த இலக்கியா தலை குனிந்துகொண்டாள். கூப்பிட்டது அவள்தான். வருவதாகச் சொன்ன ஒரு பள்ளித் தாளாளர் கடைசி நேரத்தில் கழன்றுகொள்ள, நேற்று மாலை கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அவர் கடைக்கே போய்ப் புத்தகத்தைக் கொடுத்து, "நீங்கதான் அங்கிள் வரணும்" என்று நின்றாள்.

"பேச மட்டும் சொல்லாத பாப்பா. போட்டோவுக்கு நிக்கிறேன்" என்று ஒப்புக்கொண்டார்.

அவளுடைய முதல் நாவல் அது. இளவயதுப் பிள்ளைகளுக்கான மாயக்கதை. மெசபடோமியப் புராணத்திலிருந்து கிளைத்தது. பாதாள ராணி கவர்ந்துபோன தம்பியை மீட்க, எரிஷா என்ற பெண் ஏழு வாசல்களைத் தாண்டிப் போகிறாள். ஒவ்வொரு வாசலிலும் காவல்காரன் அவளுடையது எதையாவது கேட்பான். கொடுத்தால்தான் கதவு திறக்கும்.

பஸ்ஸில் வரும்போதே அப்பா ஜெயப்பிரகாஷ் சொல்லிவிட்டார்: "ரெண்டாம் பாகமா? இன்னைக்கு மேடையில ஒரே ஒரு ஆளு படிச்சிட்டு வந்து பேசட்டும், தாராளமா எழுது. இல்லன்னா இதோட மூட்டை கட்டிட்டு குரூப் டூ பரீட்சைக்குப் படி."

"சரிப்பா" என்றாள். பேசப்போகிற எல்லோருக்கும் ஒரு மாதம் முன்பே கூரியரில் புத்தகம் அனுப்பியாயிற்றே என்ற தைரியம்.

வாசகர் வட்டத் தலைவர் எழுந்தார்.

"கையில் எடுத்தேன், கீழே வைக்க முடியவில்லை. ஒவ்வொரு கவிதையும் ஒரு முத்து!"

அப்பா முன்வரிசையிலிருந்து மகளைப் பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

அடுத்து பேராசிரியர்.

"சுமேரியர் யார்? தமிழர்! கடலூர்த் துறையிலிருந்தே கப்பலேறிப் போயிருக்கலாம்!"

கைதட்டல்.

"தில்லையில் நாலு கோபுர வாசல் இருக்க, ஏழு வாசலுக்காகத் தங்கை ஈராக் வரை போயிருக்க வேண்டாம்!"

இன்னும் பலத்த கைதட்டல். பேசி முடிக்கும் வரை புத்தகம் அவர் கையிலேயே இருந்தது. வேர்த்தபோது விசிறிக்கொண்டார்.

மூன்றாமவர் சங்கச் செயலாளர். "இளைஞர்கள் செல்போனைத் தூர வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்க வேண்டும்" என்னும்போதே அவர் செல்போன் அடித்தது. "மேடையில இருக்கேன், நீ சொல்லு" என்று பேசி முடித்துவிட்டு, "தங்கையின் இந்தப் பயணக் கட்டுரை…" என்று தொடர்ந்தார்.

நடுவில் குறட்டை ஒரு சுற்று உச்சத்துக்குப் போய் இறங்கியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"காசு உள்ளவன மேடை ஏத்துனா இப்படித்தான்" என்றார் பேராசிரியர், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "ஒரு புத்தகத்துக்கு இதைவிட அவமானம் உண்டா?"

விழாவைத் தொகுத்த மாமா செந்தமிழ்செல்வன் குனிந்து, "எழுப்பிடட்டுமா பாப்பா?" என்றார்.

"வேணாம் மாமா. அவராவது பொய் சொல்லாம தூங்கறாரு."

மூன்று வருடம் எரிஷாவோடு தனியாகவே இருந்துவிட்டாள் இலக்கியா. புத்தகமாகிவிட்டால் எரிஷாவுக்கு நாலு பேர் பழக்கமாவார்கள் என்று நினைத்திருந்தாள். இந்த மண்டபத்தில் அந்தப் பெண்ணை ஒருவருக்கும் தெரியவில்லை.

அப்பா இப்போது அவளைப் பார்க்கவில்லை. ஜெயித்த மாதிரியும் தெரியவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னாடியே கொடுத்தால் கூட்டம் கலைந்துவிடும் என்று, முதல் பிரதியைக் கடைசிக்கு வைத்திருந்தார் மாமா. பேராசிரியர் புத்தகத்தோடு வந்து டேவிட் ராஜின் தோளைத் தட்டினார். அவர் திடுக்கிட்டு எழுந்ததில் பொன்னாடை கீழே விழுந்தது.

"கதை எப்படி? தூக்கத்திலேயே படித்துவிட்டீர்களோ?" என்று மைக்கிலேயே கேட்டார் பேராசிரியர்.

மண்டபம் சிரித்து ஓயும் வரை டேவிட் ராஜ் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"மன்னிச்சுக்குங்க சார். நேத்து சாயந்திரம் சும்மா பொரட்டிப் பாப்போம்னுதான் எடுத்தேன். மாதா கோயில்ல காலை மணி அடிக்கறப்பதான் கீழ வச்சேன்."

இலக்கியாவின் பக்கம் திரும்பினார்.

"ஏம் பாப்பா, அஞ்சாவது வாசல்ல எரிஷா தம்பியோட பேரையே குடுத்துட்டாளே! இப்ப ஏழாவது வாசலும் தெறந்துடுச்சு. உள்ள அத்தன புள்ளைங்க நிக்கிதுங்க. அவன என்னன்னு கூப்புடுவா? அதோட கதைய முடிச்சுட்டியே. சீக்கிரம் அடுத்த பாகத்த எழுது. அந்தப் புள்ள கூப்புடப் பேரில்லாம இருட்டுல நிக்கறப்ப, எனக்கு எப்படிம்மா ராத்திரி தூக்கம் வரும்?"