முக்கால் லிட்டர் சாட்சி

விலாவில் வலி என்று அமிர்தவல்லி ஒன்பது வருஷமாகச் சொன்னபோதெல்லாம், "அடுப்பைப் பார்த்தாலே இவளுக்கு இடுப்பு வலிக்கும், எல்லாம் நடிப்பு" என்று வந்தவர் போனவரிடம் சொல்லிச் சிரித்தவர் அவள் புருஷன் தணிகாசலம். கடைசியில் டாக்டர் ஸ்கேன் பார்த்து, முதுகில் ஊசி இறக்கி, சிறுநீரகத்துக் கட்டியிலிருந்து முக்கால் லிட்டர் நீரை உறிஞ்சினார். மறுபடி ஊறாமலிருக்க உள்ளே ஸ்பிரிட்டும் விட்டார். அந்த நீரை அவள் கெஞ்சி வாங்கி, பாட்டிலோடு அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுதாங்க என் நடிப்பு."

அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "வெறும் தண்ணிதானேடி. இதுக்கா இத்தனை ஒப்பாரி?"

கட்டி அப்புறம் ஊறவில்லை. பாட்டிலில்தான், அவர் வாய் திறக்கும்போதெல்லாம் நீர் ஒரு நூலளவு ஏறியது. பாட்டிலின் கழுத்துவரை வந்த அன்று, ரசத்தில் உப்பில்லை என்றார். அவள் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.