கல்லில் முதல் பேர்

ரோசினா ஞானஸ்நானப் பதிவேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பாயிண்ட்னருக்குச் சிரிப்பு பீறிட்டது. விரலிடுக்கில் இருந்த மூக்குப்பொடி மேசையெல்லாம் சிதறியது. "ஏம்மா, எழுத்து எந்தப் பக்கம்னே தெரியலையா? இதுக்கா மியூனிக்கிலேருந்து ரயிலேறி வந்தே?"

ரோசினா நிமிரவில்லை. காலையிலிருந்து நேராக ஒரு முறை புரட்டி முடித்திருந்தாள். இது இரண்டாம் முறை.

அவளுடைய கொள்ளுப்பாட்டி கிரெசென்சியா ஹாஸ்லிங்கர் பிழைக்கப் போன நகரத்தில் திருமணம் செய்துகொண்டவள். அந்தக் கோயில் புத்தகத்தில் 'காட்டுப்பக்கத்தவள்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். பவேரியக் காட்டுப்பக்கத்தில் பன்னிரண்டு பங்குக் கோயில்கள். பதினொன்றில் தேடியாயிற்று. இது கடைசி.

வெளியே கல்தச்சர் உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார். வரும் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு நானூறு வயது. பங்கின் பழைய குடும்பங்களின் பெயர்களைக் கல்லில் வெட்டிச் சுவரில் பதிக்கப் போகிறார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் பெயர் இருந்தால்தான் கல்லில் பெயர். இன்று பகல் பன்னிரண்டு மணியோடு பட்டியல் முடிகிறது.

"ஹாஸ்லிங்கர்னு இந்த மண்ணுல ஒரு குடும்பமும் இருந்ததில்லை" என்றார் பாயிண்ட்னர். பங்குப்பேரவைத் தலைவர் அவர்தான். அலமாரிச் சாவியும் அவரிடம்தான். "பஞ்சம் பிழைக்க வந்த கூட்டமா இருக்கும். வேற பங்குல போய்ப் பாரு."

"பதினோரு பங்குலயும் இதையேதான் சொன்னாங்க. இல்லைன்னு புத்தகம் சொல்லட்டும், எழுந்து போறேன். நீங்க சொல்லிப் போகமாட்டேன்."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. கல்லுல முதல் பேரு யாருது தெரியுமா? எங்க தாத்தா செபாஸ்டியான் பாயிண்ட்னர். 1868, செபாஸ்டியார் திருநாளன்னிக்கே பொறந்தவரு."

"அவர் பேரு புத்தகத்துல எந்தப் பக்கம்?"

பாயிண்ட்னர் பொடி டப்பாவை மூடினார். "சாமியார் எழுத மறந்திருப்பாரு. ஜனவரிக் குளிரு. ரெண்டு குவளை கூடுதலா உள்ளே போயிருக்கும். பாயிண்ட்னர் வீட்டுக்குப் புத்தகம் எதுக்கு? ஊரே சாட்சி."

"அப்போ புத்தகம் எங்களுக்கு மட்டும்தான்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். வரிசையாக ஓடிய எழுத்துக்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு பதிவு மட்டும் கவிழ்த்து எழுதப்பட்டிருந்தது. அவள் விரல் அவற்றை மட்டுமே தொட்டுப் போனது.

பாயிண்ட்னருக்கு அப்போதுதான் புரிந்தது. "ஓ, அதையா படிக்கிறே? கல்யாணமாகாதவ பெத்த பிள்ளைங்க அதெல்லாம். அவமானம் ஆயுசுக்கும் தெரியட்டும்னு புத்தகத்தைத் திருப்பி வெச்சு எழுதுவாங்க. நாப்பது வருஷமா சாவி என் கையில இருக்கு. அந்த வரிகளை ஒரு நாள்கூடப் படிச்சதில்லை. அவங்க நம்ம ஆளுங்க கிடையாது."

விரல் நின்றது.

"கிரெசென்சியா ஹாஸ்லிங்கர். வேலைக்காரி." ரோசினா வாய்விட்டுப் படித்தாள். குரல் முற்றம்வரை கேட்டது.

பாயிண்ட்னர் மேசையில் தட்டிச் சிரித்தார். "தலைகீழாப் பொறந்தவளா உங்க பாட்டி! சரி, போகட்டும், கல்லுலயும் கவிழ்த்தே வெட்டச் சொல்றேன்."

"பொறந்தவ இல்லைங்க ஐயா. பெத்தவ." பதிவேட்டைச் சுழற்றி அவர் முன்னால் தள்ளினாள். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நீங்களே படிங்க. நாப்பது வருஷத்துக்கு இன்னிக்கு ஒரு நாள்."

அவர் குனிந்தார். "1868 ஜனவரி 20, செபாஸ்டியார் திருநாள்... ஆண் குழந்தை..." பெயரைத் தாண்டி விரல் கீழே இறங்கியது. "தகப்பன்... பண்ணைக்காரர் கியோர்க்..." அடுத்து வந்த குடும்பப் பெயரில் அவர் விரல் தங்கிவிட்டது. ஓரத்தில் அதே கையெழுத்தில் இன்னொரு வரி இருந்தது. பிள்ளை பண்ணை வீட்டிலேயே வளரும், தாய் ஊரை விட்டு அனுப்பப்பட்டாள்.

கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

கல்தச்சர் வாசலில் தலையை நீட்டினார். "தலைவரே, நேரமாச்சு. முதல் பேரு செபாஸ்டியான்தானே? வெட்டிடவா?"

பாயிண்ட்னர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

"முதல்ல கிரெசென்சியா ஹாஸ்லிங்கர்னு வெட்டுங்க" என்றாள் ரோசினா. பிறகு மேசைப் பக்கம் திரும்பினாள்.

"அம்மா பேருக்குக் கீழேதானே மகன் பேரு வரணும், அண்ணே?"